காத்திருந்து எடுத்த படம்

நுழையும்முன்

பணியின் பொருட்டு வெளியூர் செல்வோர் பலர். வந்த வேலையை முடித்து அடுத்த வண்டியில் திரும்புவோரே அவர்களுள் மிகுதி. எஞ்சிய ஒரு மணி நேரத்தில் அவ்வூரின் மரத்தையும் பறவையையும் உற்றுநோக்குவோர் சிலரே. அவ்வாறு உற்றுநோக்கும் பழக்கத்தால் நாடறிந்த இயற்கையியலாளராக உயர்ந்த ஒரு தமிழரைப் பற்றியும், இயற்கையைப் படம் பிடிப்போர் காக்க வேண்டிய நெறி பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

பணியும் பயணமும்

மும்பையின் கிழக்குப் பகுதியில், டிராம்பேயை அடுத்து அமைந்துள்ளது அணுசக்தி நகர். பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் அணுசக்தித் துறையின் பிற நிறுவனங்களிலும் பணிபுரிவோர் குடும்பத்துடன் வாழும் குடியிருப்பு இது. இங்குள்ள இல்லங்களுக்கு அலுவல் பயணம் புதிதன்று. தந்தையோ தாயோ ஒரு முறை கல்பாக்கத்திற்கும், மற்றொரு முறை கூடங்குளத்திற்கும், பிறிதொரு முறை கருநாடகத்தின் கைகாவிற்கும் சென்று வருவதுண்டு. “அப்பா டூர் போயிருக்கிறார்” என்பது பிள்ளைகள் தம் நண்பரிடம் இயல்பாகக் கூறும் தொடர்.

அலுவல் பயணத்தில் பகற்பொழுது பணிக்கு உரியது. அணுமின் நிலைய வளாகங்களுக்குள் ஒளிப்படக் கருவியை விருப்பம்போல் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே, கருவி உடன் வந்திருப்பினும் அது விருந்தினர் இல்லத்து அறையிலேயே தங்கிவிடும். ஆயினும் கதிரவன் எழும் நேரத்திற்கும் அலுவலகம் திறக்கும் நேரத்திற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உண்டு. அது பயணம் வந்தவருக்கே உரியது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாலோ முழுநாளும் கிடைத்துவிடும்.

அந்நேரத்தில் காணத்தக்கவை இவ்வூர்களுக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளன. கல்பாக்கம் சென்றவர் ஒரே நாளில் வேடந்தாங்கல் பறவைகள் காப்பகத்தைக் கண்டு திரும்பலாம். கூடங்குளம் சென்றவர் அதே திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூந்தன்குளம் சென்று, ஊர் நடுவே வீட்டு மரங்களிலும் கூடுகட்டும் நாரைகளைக் காணலாம். கைகாவோ மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், காளி ஆற்றங்கரையில் அமைந்த ஊர். அங்குக் கண்விழித்தாலே பறவைகளின் குரல் கேட்கும்.

காண்பதற்கு இடம் உண்டு. நேரமும் சிறிது உண்டு. அந்தச் சிறிது நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு மா. கிருஷ்ணனின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

சண்டூரில் ஒரு தமிழர்

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் அவரே இளையவர். அவருடைய தந்தை அ. மாதவையா தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவர். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை இயற்றியவர். மாதவையா முழுநேர எழுத்தாளர் அல்லர். சென்னை அரசின் உப்பு, சுங்கத் துறையில் அலுவலராகப் பணிபுரிந்து, எஞ்சிய பொழுதிலேயே எழுதினார். கடமைக்கு ஒரு பொழுது, விருப்பத்திற்கு ஒரு பொழுது என்னும் வாழ்க்கைமுறையைக் கிருஷ்ணன் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது பைசன் என்னும் தாவரவியல் பேராசிரியர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை இனங்காணக் கற்றார் கிருஷ்ணன். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். ஓர் இலையை வரைய வேண்டுமாயின் அதன் நரம்பு எத்திசையில் ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும். ஒளிப்படக் கலைஞர் ஆவதற்கு முன்பே ஓவியம் அவருடைய கண்ணைப் பழக்கிவிட்டது.

1942ஆம் ஆண்டு அவருக்குச் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. சண்டூர், இன்றைய கருநாடகத்தில் பெல்லாரிக்கு அருகில் மலைகள் சூழ அமைந்த சிறிய நாடு. அதனை ஆண்டவர்கள் கோர்ப்படே என்னும் மராட்டிய மரபினர். கன்னடம் வழங்கும் நிலத்தில், மராட்டிய அரசரிடம், ஒரு தமிழர் பணியில் அமர்ந்தார். அங்கு அவர் பள்ளி ஆசிரியராகவும், நீதிபதியாகவும், விளம்பர அலுவலராகவும், அரசரின் அரசியல் செயலராகவும் வெவ்வேறு பொறுப்புகளை வகித்தார்.

புது ஊர், புது மொழி, மாறிக்கொண்டே இருக்கும் பொறுப்புகள். சலித்துக்கொள்ளக் காரணங்கள் பல இருந்தன. கிருஷ்ணனோ ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மலைப்புறங்களில் நடந்தார். அங்குள்ள விலங்குகளின் போக்கைக் கவனித்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். மடல்களைச் சுமந்து செல்லப் புறாக்களைப் பழக்கினார். கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதி இதழ்களுக்கு அனுப்பினார்.

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. 1949ஆம் ஆண்டு சண்டூரும் இணைந்தது. சமஸ்தானப் பணி முடிந்தது. ஆனால் ஓய்வு நேரத்தில் கற்ற கல்வி அவருடன் நின்றது. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன் வேறு வேலை தேடவில்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். 1950ஆம் ஆண்டு ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்னும் இயற்கைப் பகுதியை எழுதத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டு மறையும் வரை, 46 ஆண்டுகள் அதனைத் தொடர்ந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் காக்கையைப் பற்றியும் அணிலைப் பற்றியும் அவர் எழுதினார். தமிழிலும் இயற்கைக் கட்டுரைகள் படைத்தார்; அவை பின்னர் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன.

கருவியும் பொறுமையும்

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வண்ணப் படச்சுருள் எளிதாகக் கிடைத்த காலத்திலும் அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. விலையுயர்ந்த புதுக் கருவிகளை நாடவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், மற்றொரு நிறுவனத்தின் டெலி லென்ஸ், பழைய கருவிகளிலிருந்து எடுத்த உறுப்புகள் ஆகியவற்றைத் தம் கையாலேயே இணைத்து ஒரு பெரிய கருவியை உருவாக்கிக்கொண்டார். அதற்கு அவர் இட்ட வேடிக்கைப் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. எடை மிகுந்த கருவி என்பதை அப்பெயரே உணர்த்தும்.

அக்காலத்து ஒளிப்படக் கலையின் இயல்பை இன்றைய மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. ஒரு படச்சுருளில் 12 படங்கள் அல்லது 36 படங்களே எடுக்க இயலும். எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது. இருட்டறையில் கழுவிய பின்னரே அது சரியாக அமைந்ததா என்பது தெரியும். தவறினால் திருத்த வழியில்லை. விலங்கு அதற்குள் காட்டினுள் மறைந்திருக்கும். ஆகவே படம் எடுப்பவர் முதலில் நெடுநேரம் பார்த்தார். விலங்கு எத்திசையில் நகரும், எப்போது தலை நிமிரும், ஒளி எங்கிருந்து விழும் என்று கணித்தார். அதன் பின்னரே விரல் பொத்தானை அழுத்தியது.

இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் ஐம்பது படங்கள் எடுக்கலாம். வசதி பெருகியிருக்கிறது, ஆயினும் பார்க்கும் நேரம் குறைந்துவிட்டது. பறவையைக் கண்டதும் கையை உயர்த்துபவர் அது என்ன செய்கிறது என்பதைக் காண்பதில்லை. அது கூட்டுக்குச் சுள்ளி எடுத்துச் செல்கிறதா, குஞ்சுக்கு இரை ஊட்டுகிறதா, அச்சத்தால் உடல் விறைத்து நிற்கிறதா என்பது பொறுத்திருந்து பார்ப்பவருக்கே விளங்கும்.

மும்பையில் வெளிவந்த நூல்

கிருஷ்ணனுடைய உழைப்பிற்கும் மும்பை மாநகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1883ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம். கோட்டைப் பகுதியில் ‘ஹார்ன்பில் இல்லம்’ என்னும் கட்டடத்தில் அது இயங்குகிறது. இந்தியாவின் பறவைகளையும் விலங்குகளையும் ஆராய்வோர்க்கு அது தாய்வீடு போன்றது.

கிருஷ்ணன் ஜவாகர்லால் நேரு நினைவு ஆய்வு நல்கையைப் பெற்று, தென்னிந்தியத் தீவக்குறையின் காடுகளில் வாழும் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை இவ்விலங்குகள் இருந்த நிலையை அவ்வாய்வு பதிவு செய்கிறது. அதனை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1975ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. அவருடைய பணியைப் பாராட்டி இந்திய அரசு 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. சுவரில் மாட்டி வைப்பதற்கு மட்டும் எடுத்த படம் அழகுப் பொருளாகும். எடுத்த நாள், இடம், விலங்கின் செயல் ஆகியவற்றை எழுதி வைத்தால் அதே படம் சான்றாகும். ஒரு காட்டில் முன்பு எத்தனை விலங்குகள் இருந்தன, இன்று எத்தனை உள்ளன என்று பிற்காலத்தார் கேட்கும்போது விடையளிப்பது அத்தகைய சான்றே.

அஞ்சல் துறையில் ஓர் இயற்கை அன்பர்

கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். தாராபுரத்தில் பிறந்த இவர் 1964ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டிற்கு அப்பாலும் பல மாநிலங்களில் பணியாற்றி, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக 1998ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். மாற்றல் ஆணை வந்த ஊர்களையெல்லாம் காடும் நீர்நிலையும் காணும் வாய்ப்பாக அவர் கொண்டார். ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’, ‘தாமரை பூத்த தடாகம்’ முதலிய நூல்களில் காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதினார்.

உயிரினங்களின் தமிழ்ப் பெயர்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். பெயர் மறைந்தால் அவ்வுயிரைப் பற்றி மக்கள் அறிந்திருந்த செய்தியும் மறையும். நத்தையைக் குத்தி உண்பது நத்தைகுத்தி நாரை. அரிவாள்போல் வளைந்த அலகுடையது அரிவாள்மூக்கன். நீந்தும்போது கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டுவது பாம்புத்தாரா. கரண்டி போன்ற அலகுடையது கரண்டிவாயன். இப்பெயர்களைச் சூட்டியவர்கள் ஏட்டில் படித்தவர்கள் அல்லர். வயலிலும் ஏரிக்கரையிலும் நின்று பார்த்தவர்கள். ஒரு பெயருக்குள் ஒரு பார்வை அடங்கியிருக்கிறது.

வேடந்தாங்கல் காட்டும் நெறி

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி சிறியது. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடையது. பருவமழையில் ஏரி நிரம்பியதும் நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் வக்காக்களும் வந்து கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை எவரும் சுடலாகாது என்று செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். அக்காலத்தில் அங்குக் கேமராவும் இல்லை. காப்பகச் சட்டமும் இல்லை. பறவை அஞ்சாதிருந்தால்தான் மீண்டும் வரும் என்னும் அறிவு இருந்தது.

இயற்கையைப் படம் பிடிப்பவருக்கும் இதுவே முதல் நெறி. கூட்டின் அருகே மனிதர் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். அது திரும்புவதற்குள் காக்கை முட்டையைக் கவர்ந்து செல்லக்கூடும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடக்கூடும். படம் மிக அழகாக அமையலாம். ஆனால் அதற்கு ஈடாகத் தரப்பட்டது ஒரு குஞ்சின் உயிர் எனில் அப்படத்தில் பெருமை இல்லை. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் காப்பகத்தினுள் படம் எடுக்க இசைவு பெற வேண்டும் என்கிறது.

நல்ல படத்திற்கு வேண்டுவன எளியவை. காலை ஒளி சாய்வாக விழும். அதனால் இறகின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். கதிரவன் நம் முதுகுப்புறம் இருத்தல் நலம். பறவையின் கண் தெளிவாக விழுந்தால் படம் உயிர் பெறும். மண்ணிறமோ இலைநிறமோ உடைய ஆடை பறவைகளை மிரட்டாது. இவற்றினும் மேலாக, அசையாமல் ஓரிடத்தில் அமர்தல் வேண்டும். சற்று நேரத்தில் பறவைகள் தம் வேலையை மீண்டும் தொடங்கும். படம் எடுக்க உரிய நேரம் அதுவே.

நம் ஓடையின் விருந்தினர்

இவற்றைப் பழகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. டிராம்பேயின் கிழக்கே தானே ஓடை நீள்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் அதன் சேற்றுப் பரப்பிற்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் வருகின்றன. அவற்றுட் பல குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருபவை. கோடையின் இறுதி வரை தங்கியிருந்து திரும்புகின்றன. 2015ஆம் ஆண்டு மகாராட்டிர அரசு இவ்வோடையின் ஒரு பகுதியைப் பூநாரைக் காப்பகமாக அறிவித்தது. 2022ஆம் ஆண்டு அது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ‘ராம்சர்’ பட்டியலில் இடம்பெற்றது.

பூநாரை பிறக்கும்போது இளஞ்சிவப்பாக இருப்பதில்லை. குஞ்சு சாம்பல் நிறமுடையது. அது உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமிகளே பின்னர் இறகிற்குச் சிவப்பைத் தருகின்றன. தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரைச் சலித்து அது இரை தேடும். நீர் வடியும்போது சேறு வெளிப்படும். பறவைகள் தொலைவில் பரவி மேயும். நீர் ஏறும்போது அவை மெல்லக் கரைப்பக்கம் நகரும். எனவே, ஓதம் ஏறும் நேரத்தை முன்னரே அறிந்து கரையில் அமர்ந்திருப்பவரை நோக்கிப் பறவைகள் தாமே வருகின்றன. அவற்றை நோக்கிச் சேற்றில் இறங்கி ஓடுபவருக்குப் பறந்து செல்லும் முதுகுகளே படமாகும். மேலும், வீணே பறக்கும் ஒவ்வொரு முறையும் பறவை மேயும் நேரத்தை இழக்கிறது. நெடும்பயணம் திரும்ப வேண்டிய உடலுக்கு அது பேரிழப்பு.

நம் பெற்றோரும் முன்னோரும் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். வந்த ஊரை வெறும் தங்குமிடமாகவும் கருதலாம். நம் ஊராகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆக்கிக்கொள்வதற்கு முதற்படி, அங்கு நிற்கும் மரம் எது, வந்து போகும் பறவை எது என்று அறிதலாகும். ஏழு ஆண்டுகள் பிறமொழி நாட்டில் பணிபுரிந்த கிருஷ்ணன், எஞ்சிய பொழுதில் இதனையே செய்தார்.

சொற்பொருள்

இயற்கையியலாளர் – இயற்கையையும் உயிரினங்களையும் உற்றுநோக்கி ஆராய்பவர்
சமஸ்தானம் – மன்னர் ஆட்சியில் இருந்த சிறிய நாடு
நல்கை – ஆய்விற்காக வழங்கப்படும் உதவித்தொகை
தீவக்குறை – மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நிலம்
இசைவு – அனுமதி
ஓதம் – கடல்நீர் ஏறுதல்
எச்சம் – பறவையின் கழிவு
காட்டுயிர் – காட்டில் இயல்பாக வாழும் உயிரினம்

பிரித்து எழுதுக

1. நீர்க்காகம்
2. ஒளிப்படம்
3. சேற்றுநீர்
4. தாய்ப்பறவை

சிந்தித்து விடை எழுதுக

1. சண்டூரில் மா. கிருஷ்ணன் வகித்த பொறுப்புகள் யாவை? ஓய்வு நேரத்தை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்?
2. படச்சுருள் காலத்து ஒளிப்படக் கலைஞர் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது ஏன்?
3. ‘ஒரு பெயருக்குள் ஒரு பார்வை அடங்கியிருக்கிறது’ – பாடத்திலுள்ள இரு பறவைப் பெயர்களைக் கொண்டு விளக்குக.
4. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தமைக்குக் காரணம் யாது? அவர்கள் பெற்ற பயன் யாது?
5. கூட்டின் மிக அருகில் சென்று எடுத்த அழகிய படம் ஒன்று போட்டிக்கு வருகிறது. நீங்கள் நடுவராயின் அதற்குப் பரிசு வழங்குவீர்களா? காரணம் கூறுக.

செயல்பாடு

உங்கள் வீட்டுச் சாளரத்திலிருந்தோ குடியிருப்புப் பூங்காவிலிருந்தோ ஒரு பறவையைக் கருவியின்றிப் பத்து நிமிடம் பாருங்கள். நாள், நேரம், இடம், பறவையின் தமிழ்ப் பெயர், அது செய்த செயல்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் தெரியாவிடில் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு அறியுங்கள்; அவர்கள் ஊரில் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதினோராம் நிமிடத்தில் விரும்பினால் ஒரே ஒரு படம் எடுங்கள்.